கரம்சினைக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரஷ்ய வரலாற்றெழுத்தைப் படிக்க வருகிறவர்களில் பலர் 'ரஷ்ய அரசின் வரலாறு' என்ற பல தொகுதி நூலை எழுதிய நிக்கலாய் கரம்சினை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். 'அரசனின் சம்பளத்தில் எழுதியவர், பழைய பாணி' என்ற ஒற்றை வரியில் அவர் கதை முடிந்துவிடுகிறது. ஆர்வத்தோடு முதல் தொகுதியை எடுத்து, பண்டைய ஸ்லாவியர்களைப் பற்றிய பக்கங்களில் களைத்துப்போய் மூடிவைப்பவர்களும் உண்டு. அவரை முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து படிக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

அவர் வரலாறு எழுத உட்காரும் முன் பல ஆண்டுகள் இதழாசிரியராக வேலை பார்த்தவர். வந்து குவியும் தாள்களில் எதை எடுப்பது, எதை வெட்டுவது, இரண்டு செய்தி முரண்பட்டால் எதை நம்புவது என்று தினமும் முடிவெடுத்துப் பழகிய கை அது. அந்தக் கையைத் தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் அவருடைய 'ரஷ்ய அரசின் வரலாறு' நூலின் பின்பகுதியில் உள்ள குறிப்புகள். ஆகவே முதலில் இதழ்கள், அடுத்து குறிப்புகள், கடைசியில் நூலின் முதன்மை வாசகமான மூலப் பகுதி என்ற வரிசையில் போங்கள்.

முதல் படி: பெயரும் தேதியும்

நிக்கலாய் மிகைலவிச் கரம்சின் என்பது முழுப்பெயர். நடுவில் உள்ளது தந்தைவழிப் பெயர், 'மிகைலின் மகன்' என்று பொருள். நூலகப் பட்டியலில் கடைசிப் பெயரின் கீழ்தான் தேட வேண்டும். தமிழில் கரம்சின், கரம்ஸின், கரம்ஜின் என்று எப்படி எழுதினாலும் மூல ஒலி முழுதாக வராது. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுரை முழுக்க அதையே எழுதுங்கள்.

தேதியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 1918 தொடக்கம் வரை ரஷ்யாவில் ஜூலியன் நாட்காட்டிதான் நடப்பில் இருந்தது. இன்றைய கணக்குக்கு மாற்ற 18ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 11 நாளும், 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாளும், 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாளும் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் 13 கூட்டுவது வழக்கமான தவறு. கரம்சின் பிறந்தது 1766 டிசம்பர் 1, இன்றைய கணக்கில் டிசம்பர் 12. இறந்தது 1826 மே 22, அதாவது ஜூன் 3. எடுக்கும் ஒவ்வொரு தேதியையும் இப்படி இரட்டையாகவே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நூல்கள் வெவ்வேறு தேதி சொன்னால், முரண்பாடு என்று முடிவு கட்டும் முன் இடைவெளி 11 அல்லது 12 நாளா என்று பாருங்கள்.

பிறந்த ஊர் பற்றி நூல்களுக்குள் ஒற்றுமை இல்லை. மிகைலவ்கா என்றும் ஸ்னாமென்ஸ்கொயே என்றும் இரண்டு கிராமங்கள் சொல்லப்படுகின்றன. 'வோல்கா ஆற்றங்கரைச் சிம்பிர்ஸ்க் வட்டாரத்தில் வளர்ந்தவர்' என்று எழுதினால் பிழை வராது. சிம்பிர்ஸ்க்கின் இன்றைய பெயர் உல்யானவ்ஸ்க். அங்கே 1845இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பீடத்தின் மேல் நிற்கும் பெண்ணுருவம் வரலாற்றுத் தேவதை கிளியோ. கரம்சினின் மார்பளவு உருவம் கீழே பீடத்தில் இருக்கிறது. படத்துக்கு விளக்கம் எழுதும்போது மாற்றிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: இதழ்களை ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள்

ஒரு தாளை எடுத்து அவர் கைபட்ட இதழ்களை மட்டும் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். வாழ்க்கையின் மற்ற நிகழ்ச்சிகள் தாமாகவே அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் வருவது 'உள்ளத்துக்கும் அறிவுக்குமான சிறுவர் வாசிப்பு'. பதிப்பாளர் நிக்கலாய் நோவிக்கவ் 1785 முதல் 1789 வரை 'மாஸ்கோ செய்திகள்' செய்தித்தாளின் இணைப்பாக வெளியிட்டது. அலெக்ஸாந்தர் பெத்ரோவோடு சேர்ந்து இளம் கரம்சின் இதில் மொழிபெயர்த்தார், திருத்தினார். சிறுவர்களுக்கு எழுதியபோது திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழியான தேவாலய ஸ்லாவியச் சொற்களின் கனத்தைக் கழித்துவிட்டு எழுத வேண்டியிருந்தது. பின்னாளில் 'கரம்சின் நடை' என்று பெயர் பெற்ற மொழி இங்கேதான் பழக்கத்துக்கு வந்தது என்பது எங்கள் கணிப்பு.

1789 மே மாதம் ஐரோப்பா புறப்பட்டு, ஜெர்மானிய நாடுகள், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சுற்றி 1790இல் திரும்பினார். கோனிக்ஸ்பெர்க்கில் தத்துவவாதி காண்டைப் போய்ப் பார்த்தார். இந்தப் பயணத்தைச் சொல்லும் 'ரஷ்யப் பயணியின் கடிதங்கள்' நூலை நாட்குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்குத் திரும்பிய பிறகு, படித்ததையும் பார்த்ததையும் கலந்து, கடித வடிவில் அமைத்த இலக்கியம் அது. 'இன்ன நாளில் இன்ன ஊரில் இருந்தார்' என்பதற்கு அதை மட்டும் சான்றாக வைத்தால் கட்டுரை ஆட்டம் காணும்.

அடுத்தது 'மாஸ்கோ இதழ்', 1791 ஜனவரி முதல் 1792 முடிய. மாதம் ஒன்று, சந்தாதாரர்கள் ஏறக்குறைய 300 பேர். இறையியல், மறைஞானம், வறண்ட புலமை மூன்றுக்கும் இடமில்லை என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்டார். நோவிக்கவைச் சுற்றியிருந்த ஃப்ரீமேசன் (ரகசியச் சகோதரச் சங்கம்) நண்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 1792இல் நோவிக்கவைக் கைதுசெய்தபோது, பேரரசி இரண்டாம் கேத்தரினிடம் இரக்கம் வேண்டும் கவிதையை இதே இதழில் அச்சிட்டவர் கரம்சின். அந்தத் துணிவை அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் சொல்ல வேண்டும்.

'ஏழை லீசா' கதை வந்ததும் இந்த இதழில்தான். இந்திய வாசகர்கள் இன்னொன்றையும் இங்கே தேட வேண்டும். 1792இல் காளிதாசரின் 'சாகுந்தலம்' நாடகத்திலிருந்து சில காட்சிகளைக் கரம்சின் ரஷ்யத்தில் தந்தார். சமஸ்கிருதத்திலிருந்து வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்துக்கும், அதிலிருந்து கியோர்க் ஃபோர்ஸ்டர் ஜெர்மனுக்கும் கொண்டுவந்ததை வைத்துச் செய்த மொழிபெயர்ப்பு. முன்னுரையில் காளிதாசரை ஹோமருக்கு இணையாக வைக்கிறார்.

பின்னர் 'அக்லாயா' (1794–95), 'அவோனிதி' (1796–99) என்ற தொகைநூல்கள். மேலே இரட்டைப் புள்ளி இட்ட 'யோ' எழுத்தைக் கரம்சின் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு இரண்டாவது தொகைநூல்தான் மூலம். அந்த எழுத்தை 1783இலேயே இளவரசி தாஷ்கவா முன்மொழிந்துவிட்டார். கரம்சின் அச்சில் பரப்பினார். 'பரப்பியவர்' என்றே எழுதுங்கள்.

1802, 1803 இரண்டு ஆண்டுகள் 'ஐரோப்பாவின் தூதன்'. மாதம் இரண்டு இதழ், ஆண்டுக்கு 24. ஒரு பகுதி இலக்கியம், மறுபகுதி அரசியல். பல்கலைக்கழக அச்சகத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த இவான் பப்போவ் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபிள் கொடுத்தார். எழுத்தை மட்டும் நம்பி ஒரு ரஷ்யர் குடும்பம் நடத்த முடியும் என்று காட்டிய தொகை அது. சந்தாதாரர்கள் 1,200 பேர் சேர்ந்தார்கள்.

இதே பெயரில் இரண்டு இதழ்கள் உண்டு, கவனமாக இருங்கள். கரம்சின் தொடங்கியது பல ஆசிரியர்கள் கைமாறி, பெரும்பகுதி மிகைல் கச்செனோவ்ஸ்கியின் பொறுப்பில், 1830 வரை வந்தது. 1866இல் மிகைல் ஸ்தாசியுலேவிச் தொடங்கியது வேறு இதழ். அவரும் வரலாற்றாசிரியர், இதழாசிரியர் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ஆண்டைப் பார்க்காமல் இதழின் பெயரை மட்டும் வைத்து மேற்கோள் எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: நியமனத்தையும் பணத்தையும் புரிந்துகொள்ளுங்கள்

1803 அக்டோபர் 31 (நவம்பர் 12) அன்று பேரரசர் முதலாம் அலெக்ஸாந்தர் கரம்சினுக்கு 'வரலாற்றாளர்' பட்டமும் ஆண்டுக்கு 2,000 ரூபிள் உதவித்தொகையும் தந்தார். இதற்கு வழிசெய்தவர் மாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பாளர் மிகைல் முராவியோவ். கணக்கைப் பாருங்கள்: இதழில் 3,000 வந்துகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு 2,000க்கு வந்தார். 'பணத்துக்காக அரண்மனைப் பக்கம் போனார்' என்று எழுதுவதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஆவணக் காப்பகங்களின், மடாலயங்களின் கதவு திறப்பது. பட்டம் அதைத் திறந்தது; சுவடிகளை வீட்டுக்கே வாங்கிவந்து படிக்க முடிந்தது. இது பேராசிரியர் பதவி அல்ல. அவர் எங்கும் பாடம் நடத்தவில்லை.

ரூபிள் தொகைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயலாதீர்கள். அன்று காகித ரூபிளும் வெள்ளி ரூபிளும் தனித்தனி மதிப்பில் புழங்கின. 1803 வாக்கில் காகித ரூபிள் ஒன்றுக்கு ஏறக்குறைய 80 வெள்ளிக் கோப்பெக் (100 கோப்பெக் ஒரு ரூபிள்). நெப்போலியன் போருக்குப் பின் அது கால்வாசி வெள்ளி ரூபிளுக்கு இறங்கிவிட்டது. அதனால் 1803இன் 2,000மும், நூலை அச்சிட 1816இல் அரசர் கொடுத்த 60,000மும் ஒரே அளவுகோலில் நிற்கா. தொகை, ஆண்டு, காகிதமா வெள்ளியா என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

வேலை நடந்த இடம் மாஸ்கோவுக்குத் தெற்கே ஒஸ்தாஃபியெவோ பண்ணைவீடு. முதல் மனைவி எலிசவேத்தா 1802இல் இறந்தபின், 1804இல் எக்கத்தரீனா அந்திரேயவ்னாவை மணந்தார். எக்கத்தரீனாவின் தந்தை இளவரசர் வியாசெம்ஸ்கியின் வீடு அது. மேல்மாடி அறையில் வெள்ளையடித்த வெறும் சுவர்கள்; சன்னலோரம் விரிப்பில்லாத அகலமான பைன் மரமேசை; தாங்குகால்கள் மேல் பலகை போட்டு அதில் சுவடிகளும் புத்தகங்களும்; சில பழைய நாற்காலிகள். அலமாரி இல்லை, சோஃபா இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த அறையில் கழிந்தது. இன்று அந்த மாளிகை அருங்காட்சியகம்.

நான்காம் படி: தொகுதிகளைத் திறக்கும் முறை

எட்டுத் தொகுதிகள் 1818 தொடக்கத்தில் ஒன்றாக வெளிவந்தன. 3,000 படிகளும் ஒரு மாதத்துக்குள் தீர்ந்தன. 9ஆம் தொகுதி 1821, 10ஆவதும் 11ஆவதும் 1824, முடிவுறாத 12ஆவது அவர் இறந்தபின் 1829. எந்தத் தொகுதியில் எந்த அரசர் என்று தெரிந்தால் நேரம் மிச்சம்: 6 மூன்றாம் இவான் (1462–1505), 7 மூன்றாம் வசீலி, 8 நான்காம் இவானின் 1560 வரையான காலம், 9 அவனுடைய கொடுங்கோல் ஆண்டுகள், 10 ஃபியோதர், 11 பரீஸ் கதுனோவும், இளவரசன் திமீத்ரி நான்தான் என்று சொல்லி அரியணை ஏறிய போலி திமீத்ரியும்.

பயன்படுத்த வசதியான பதிப்பு ஐனர்லிங் 1842–44இல் வெளியிட்டது. 12 தொகுதிகளும் 3 புத்தகங்களில் அடக்கம். பாவெல் ஸ்த்ரோயெவ் தயாரித்த பெயர்ச்சுட்டும் உண்டு. 1988இல் இதன் நிழற்பட மறுபதிப்பு மாஸ்கோவில் வந்தது. பக்கத்துக்கு இரண்டு நெடும்பத்திகள் (column), எண் பக்கத்துக்கு அல்ல, பத்திக்கு. மூலப் பகுதிக்கு ஒரு எண்வரிசை, குறிப்புகளுக்குத் தனி எண்வரிசை. இரண்டையும் கலந்துவிட்டால் மேற்கோளைத் தேடுபவர் எங்கோ போய் நிற்பார். தொகுதி எண், அதிகார எண், குறிப்பு எண் மூன்றையும் கொடுங்கள். பதிப்பு மாறினாலும் இவை மாறுவதில்லை. குறிப்பு எண்கள் ஒவ்வொரு தொகுதியிலும் 1லிருந்து தொடங்குகின்றன என்பதால் தொகுதி எண்ணை விடவே கூடாது. 12 தொகுதிகளிலும் சேர்த்து 6,538 குறிப்புகள்.

1918க்கு முந்தைய அச்சு என்றால் எழுத்து முறையும் வேறு. இன்று இல்லாத 'யாத்' என்ற எழுத்தை 'யெ' என்று படிக்க வேண்டும். மெய்யில் முடியும் சொற்களின் கடைசியில் ஒலியற்ற கடினக் குறி நிற்கும். பெயரடை விகுதிகள் சிலவும் மாறியிருக்கும். எழுத்துணரி மென்பொருள் யாத்தைக் கடினக் குறியோடும் மென்குறியோடும் குழப்பிவிடும், அதனால் முழுச் சொல்லைத் தட்டச்சு செய்து தேடினால் பல இடங்கள் தப்பிப்போகும். யாத் வராத வேர்ப்பகுதியாக நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ரஷ்யம் தெரியாதவர்களுக்கு 1819இலிருந்து வரத் தொடங்கிய பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இருக்கிறது. குறிப்புகளுக்கு அதை நம்பாமல் ரஷ்ய மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

குறிப்புகளை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? 1812இல் நெப்போலியன் படை நுழைந்தபின் மாஸ்கோ எரிந்தது. கால் நூற்றாண்டாகச் சேர்த்த கரம்சினின் நூலகம் சாம்பலானது. 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் தோல்சுவடியான திரித்துவ ஆண்டுக்குறிப்பும் அந்தத் தீயில் போயிற்று. அந்தச் சுவடியின் வாசகங்களைக் கரம்சின் ஏற்கெனவே தம் குறிப்புகளில் சொல்லுக்குச் சொல் எடுத்தெழுதியிருந்தார். ஆய்வாளர் மிகைல் பிரிசெல்கவ் அவற்றை முக்கிய ஆதாரமாக வைத்துச் சுவடியை மீட்டமைத்தார். அது 1950இல் நூலாக வந்தது. மூலப் பகுதியில் கரம்சின் கதை சொல்கிறார், உணர்ச்சிவசப்படுகிறார், நீதி வழங்குகிறார். குறிப்பில் சுவடியைத் திறந்து நம் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ஐந்தாம் படி: இரண்டு பயிற்சிகள்

முதல் பயிற்சிக்கு 6ஆம் தொகுதி, குறிப்பு 629. திரித்துவ–செர்கியெவ் மடத்து நூலகத்தில் கரம்சினுக்கு ஒரு பழம்பிரதி கிடைத்தது: த்வேர் நகர வணிகன் அஃபனாசி நிக்கித்தின் 15ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போய்வந்த கதை. அதைப் படிக்கும் உலகுக்கு அறிமுகப்படுத்தியது இந்தக் குறிப்புதான். இந்தப் பயிற்சிக்கு மட்டும் வரிசையை மாற்றி, முதலில் 7ஆம் அதிகாரத்தின் மூலப் பகுதியைப் படியுங்கள். ஆப்பிரிக்கா வழியாக இந்துஸ்தானத்துக்கு வழி உண்டா என்று வாஸ்கோ ட காமா எண்ணிக்கொண்டிருந்தபோதே நம் த்வேர்க்காரன் மலபார் கரையில் பயணம் செய்துகொண்டிருந்தான் என்று கரம்சின் பெருமிதம் கொள்கிறார். பிறகு குறிப்பைப் படியுங்கள். நிக்கித்தின் இறங்கியது கொங்கணக் கரையின் சவுல் துறைமுகம். தங்கியது பாமினி சுல்தான்களின் தலைநகர் பீதர். திருவிழா பார்த்தது 'பர்வத்', அதாவது இன்றைய ஆந்திரத்து ஸ்ரீசைலம். கோழிக்கோடும் இலங்கையும் அவன் எழுத்தில் வந்தாலும், அவை கேள்விப்பட்டுச் சொன்னவை என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. ஆகவே கரம்சினின் 'மலபார்' என்ற சொல்லை இன்றைய கேரளம் என்று மொழிபெயர்த்தால் பிழை. மூலப் பகுதியின் உற்சாகத்தைக் குறிப்பே திருத்துகிறது பாருங்கள்!

இரண்டாவது பயிற்சி கொஞ்சம் கடினம், ஆனால் இதில்தான் இதழாசிரியரும் வரலாற்றாசிரியரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். 1591இல் உக்லிச் நகரில் சிறுவன் இளவரசன் திமீத்ரி இறந்தான். பின்னாளில் ஜாரான பரீஸ் கதுனோவ்தான் கொல்லச் சொன்னானா? 1802இல் 'ஐரோப்பாவின் தூதன்' இதழில், திரித்துவ மடத்துக்குப் போகும் வழியில் எழுந்த நினைவுகள் என்ற கட்டுரையில், இறந்தவன் மேல் வீண்பழி சுமத்துகிறோமோ என்று கரம்சின் தயங்குகிறார். 1824இல் வந்த 10ஆம் தொகுதியில் தயக்கம் இல்லை, பரீஸ் குற்றவாளி. இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 22 ஆண்டு இடைவெளியில் எந்தச் சான்று புதிதாகச் சேர்ந்தது, எது வெறும் தொனி மாற்றம் என்று குறிப்புகளைக் கொண்டு பிரித்துப் பாருங்கள். புஷ்கின் தம் 'பரீஸ் கதுனோவ்' நாடகத்துக்குக் கரம்சினின் தொகுதிகளை எடுத்தாண்டு, நூலை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார். நாடகத்தின் பரீஸை வரலாற்றுப் பரீஸாகக் கொள்ளும் தவறு இந்தப் பயிற்சிக்குப் பிறகு வராது.

அரசியல் நிலைப்பாட்டைப் பற்றி எழுதும்போது

முன்னுரைக்கு முந்தைய காணிக்கை மடல் 1815 டிசம்பர் 8 தேதியிட்டது. மக்களின் வரலாறு ஜாருக்கு உரியது என்று அதில் எழுதினார். வரலாறு மக்களுக்கு உரியது என்று டிசம்பரிஸ்ட் (1825 டிசம்பர் கிளர்ச்சி அணியைச் சேர்ந்த) நிக்கித்தா முராவியோவ் பதில் எழுதினார். இந்த இரண்டையும் மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்திவிடாதீர்கள். 1811இல் த்வேர் நகரில் அலெக்ஸாந்தரிடம் சேர்ப்பித்த 'பழைய, புதிய ரஷ்யா பற்றிய அறிக்கை'யில் அவர் முடியாட்சியை ஆதரிக்கிறார், அதே மூச்சில் அந்த அரசரின் நிர்வாகத்தை முகத்துக்கு நேரே குறைகூறுகிறார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. முழுமையாக 1861இல் பெர்லினில்தான் வெளிவந்தது. எனவே அவர் காலத்து வாசகர்கள் அதைப் படித்து வியந்ததாக எழுத முடியாது. 9ஆம் தொகுதியோ அரசின் பணத்திலேயே அச்சாகத் தொடங்கிய நூலில் ஒரு ஜாரைக் கொடுங்கோலன் என்று பெயர்சொல்லிக் காட்டியது.

கடைசியாக 12ஆம் தொகுதி. 1825 டிசம்பர் 14 அன்று பீட்டர்ஸ்பர்க் செனட் சதுக்கத்தில் கிளர்ச்சி நடந்தபோது கரம்சின் குளிரில் வெளியே நின்றார். அன்று பிடித்த நோயிலிருந்து மீளவில்லை. தொகுதி 1611ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளோடு நடுவாக்கில் நின்றுபோகிறது. சுவீடியர்கள் வளைத்துக்கொண்ட நேவா ஆற்றுக் கோட்டை ஒரேஷெக் பணியவில்லை என்பதுதான் அதன் கடைசி வாக்கியம். போலந்துப் படையிடமிருந்து மாஸ்கோ மீட்கப்பட்டதையும் 1613இல் மிகைல் ரமானவ் ஜாராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் கரம்சினில் தேட வேண்டாம். அதற்குப் பின்வந்த வரலாற்றாசிரியர் செர்கேய் சலவியோவின் வரலாற்றில் 8ஆம் தொகுதியை எடுங்கள்.